பத்திரம் இல்லாத சொத்து

பழவேற்காடு ஏரியில் வேலி கிடையாது, பட்டாவும் கிடையாது. ஆனால் ஒழுங்கு உண்டு. இன்று ஒருவர் வலை விரித்த இடம் நாளை இன்னொருவருக்கு. இந்த முறைக்குப் 'பாடு' என்று பெயர்.

பக்கத்திலுள்ள காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து சுமார் 6,110 ஏக்கராக விரிக்க அதானி நிறுவனம் திட்டமிட்டது. இதில் சுமார் 2,000 ஏக்கர் கடலைத் தூர்த்து உண்டாக்க வேண்டியது! கடலிலிருந்து இறால் குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகத்தான் ஏரிக்குள் வருகின்றன. கரை அரித்து அந்த வாசல் கெட்டால்? மீனவர்கள் எதிர்த்தார்கள். 2021 ஜனவரி 22-இல் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. 2023 செப்டம்பரிலும் அப்படியே.

துறைமுகத்தால் வேலை கிடைக்கும் என்கிறார்கள். கிடைக்கட்டும். ஆனால் வேலை சிலருக்கு. பாடு ஊருக்கே அல்லவா?