அச்சம் சூழ்ந்த மலையடிவாரம்

சவ்வாது மலை என்றதும் தேனும் சாமையும் புளியும் நம் நினைவுக்கு வரும். அம்மலையைச் சுற்றியுள்ள ஊர்கள் ஒரு காலத்தில் துப்பாக்கிக்கு அஞ்சி வாழ்ந்தன என்பதை இளந்தலைமுறையினருள் பலர் அறியார். அறிந்துகொள்வது நம் குடும்பங்களுக்கு நலம் பயக்கும்.

1967-ஆம் ஆண்டு மேற்கு வங்கத்தின் நக்சல்பாரியில் எழுந்த உழவர் கிளர்ச்சி வேறு பல மாநிலங்களுக்கும் பரவியது. ஆயுதப் புரட்சியே ஏழைக்கு விடிவு தரும் என நம்பிய இளைஞர் சிலர் அன்றைய வடஆர்க்காடு, தருமபுரி மாவட்டங்களில் வேரூன்றினர். அவர்களுக்குச் செவிசாய்த்தவர் யாவர்? கந்துவட்டிக்கு நிலத்தை இழந்தவரும், பட்ட கடனுக்காகப் பண்ணையில் அடிமைப்பட்டவரும், தேநீர்க் கடையில் தனிக்குவளை நீட்டப்பெற்றவருமே. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் வந்தது. ஏட்டில் ஏறிய சட்டம் ஊருக்குள் இறங்க நெடுநாள் ஆயிற்று.

ஏழையின் துயர் உண்மையே. ஆயினும் அதற்காகச் சிந்தப்பெற்ற இரத்தத்தை நாம் நியாயப்படுத்த இயலாது. 1980 ஆகஸ்டு 6 அன்று, சவ்வாது மலையை அடுத்த திருப்பத்தூரில், பிடிபட்டவர்களைக் காரில் ஏற்றிச் சென்றபோது வெடிகுண்டு வெடித்தது. ஆய்வாளர் பழனிச்சாமியும் உடனிருந்த காவலர்களும் மாண்டனர். அவருடைய சிறுமகளின் பெயர் அஜந்தா. எம்.ஜி.ஆர். முதலமைச்சராயிருந்த அந்நாளில், வால்டர் தேவாரம் தலைமையில் காவல்துறை மேற்கொண்ட வேட்டைக்கு அக்குழந்தையின் பெயரே சூட்டப்பெற்றது.

தந்தையை இழந்த மகளின் கண்ணீருக்கு அரசு பதில் சொல்லக் கடமைப்பட்டதே. ஆனால் எவ்விதம் பதில் சொன்னது? தொடர்ந்த மாதங்களில் இளைஞர் பலர் ‘மோதலில்’ மாண்டதாகச் செய்தி வந்தது. பிடித்துச் சென்ற பின்னரே சுட்டனர் என மனித உரிமை அமைப்பினர் குற்றஞ்சாட்டினர். மாண்டவருள் குற்றவாளி யார், குற்றமற்றவர் யார் என்பதை இனி எந்த நீதிமன்றமும் பிரித்துரைக்க முடியாது. அவர்தம் தாய்மாரின் கண்ணீருக்குப் பெயரிடுவாரும் இல்லை.

சட்டத்தைத் தாண்டிச் செல்லும் வழக்கம், அதற்குக் காரணமான புரட்சி ஓய்ந்தாலும் ஓய்வதில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று, ஆந்திரத்தின் சேசாசலக் காட்டில் செம்மரம் வெட்டினார்கள் என்று 20 தமிழ்த் தொழிலாளர்கள் சிறப்புப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் நம் சவ்வாது மலையினர். அவர்கள் புரட்சிக்காரர் அல்லர். வறுமை துரத்த, கூலிக்குச் சென்றோர். தம்முடன் வந்தவர்களைப் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோயினர் எனத் தப்பி வந்தவர் கூறினர். மோதல் மரணம் ஒவ்வொன்றிலும் வழக்குப் பதிந்து, தனி அமைப்பு புலனாய்வு செய்து, நடுவரும் விசாரிக்க வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பரில்தான் நெறி வகுத்திருந்தது!

ஆகவே ஒவ்வொரு குடும்பமும் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்திற்குள் நடுவர்முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22-ஆம் பிரிவு. கைதான செய்தியை உறவினருக்குத் தெரிவித்தாக வேண்டும். பழங்குடியினருக்கு இலவச சட்ட உதவி பெற உரிமையுண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். எழுத்தறியா மலைவாழ் சகோதரருக்கு ஒரு மனு எழுதித் தர நம் பங்கின் படித்த பிள்ளைகள் முன்வரட்டும். அச்சம் நீங்க அதுவும் ஒரு வழியே.