33 விநாடிக்கு 800 கிலோமீட்டர்

2002 டிசம்பர் 4-ம் தேதி சாயங்காலம், ஆஸ்திரேலியாவின் தெற்குக் கரையில் இருக்கிற செடூனா என்ற சின்ன ஊரில் சூரியன் முழுசாக மறைந்தது. எவ்வளவு நேரம்? சுமார் 33 விநாடி. ஒரு ரீல்ஸ் ஓடி முடிகிற நேரம். பக்கத்துப் பெரிய நகரமான அடிலெய்டில் இருந்து செடூனாவுக்கு ரோடு வழியாகக் கிட்டத்தட்ட 800 கி.மீ. அதாவது சென்னையில் இருந்து கிளம்பினால் கன்னியாகுமரி தாண்டிக் கடலுக்குள்ளேயே போய்விடலாம். அந்த 33 விநாடிக்காக அவ்வளவு தூரம் கார் ஓட்டி வந்தவர்கள் ஆயிரக்கணக்கில். உள்நாட்டு ஆட்கள் மட்டும் இல்லை, பல நாடுகளில் இருந்து பிளைட் ஏறி வந்தவர்களும் உண்டு. இன்னும் சிலர் கடற்கரை வேண்டாம் என்று வடக்கே வறண்ட நிலத்துக்குள், லிண்ட்ஹர்ஸ்ட் மாதிரி நாலு கட்டடம் இருக்கிற இடங்களுக்குப் போனார்கள். அங்கே முழுமறைவு இன்னும் குறைவான நேரம்தான். தெரிந்தேதான் போனார்கள்.

கிறுக்குத்தனம் மாதிரி தெரியும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். "கிரகணம்தானே, நம்ம ஊரிலேயே பார்த்தாச்சே" என்று நிறைய பேர் சொல்வார்கள். 2019 டிசம்பர் 26-ல் கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் தெரிந்தது வளைய கிரகணம். நிலா கொஞ்சம் தூரத்தில் இருந்ததால் சூரியனை முழுசாக மூட முடியவில்லை, சுற்றி நெருப்பு வளையம் மாதிரி ஓரம் மிச்சம் இருந்தது. அழகுதான். ஆனால் அன்றைக்கு இருட்டவில்லை. ஏன் என்பதற்கு எளிய கணக்கு: சூரியன் பௌர்ணமி நிலாவைவிட சுமார் 4 லட்சம் மடங்கு பிரகாசம். 99 சதவீதம் மறைந்தாலும் மிச்சம் இருக்கிற 1 சதவீதம், நாலாயிரம் பௌர்ணமிக்குச் சமம். ஆனால் சூரியனைச் சுற்றி இருக்கிற கொரோனா என்ற வெளி வளிமண்டலம் (அந்த வைரஸுக்குப் பெயர் வந்தது இதே 'கிரீடம்' என்ற அர்த்தத்தில்தான்) மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு பௌர்ணமி அளவுக்குத்தான் ஒளிரும். நாலாயிரத்துக்கு முன்னால் ஒன்று எப்படித் தெரியும்? கடைசி 1 சதவீதமும் போனால்தான் தெரியும். 99-க்கும் 100-க்கும் நடுவில் இருப்பது ஒரு சதவீத வித்தியாசம் இல்லை. பகலுக்கும் ராத்திரிக்கும் உள்ள வித்தியாசம்.

அந்த 100 சதவீதம் கிடைக்க, நிலாவின் கருநிழல் தரையைத் தொடுகிற இடத்தில் நிற்கணும். நிழல் கூம்பு மாதிரி குறுகிக்கொண்டே வருவதால், தரையைத் தொடும்போது சாதாரணமாக நூறு இருநூறு கி.மீ. அகலம்தான் இருக்கும். 2002-ல் ஆஸ்திரேலியாவில் சுமார் 35 கி.மீ. ஏதாவது ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு அது நம்மைத் தேடி வரட்டும் என்று காத்திருந்தால், சராசரியாக 375 வருடத்துக்கு ஒரு முறைதான் வரும். அதனால்தான் நாம் நிழலைத் தேடிப் போக வேண்டியிருக்கு.

ஏன் பாலைவனம்?

கிரகணம் எப்போது, எங்கே, எத்தனை விநாடி என்பதில் சந்தேகமே கிடையாது. பல வருடம் முன்னாடியே விநாடி சுத்தமாகச் சொல்லிவிடலாம். தெரியாத ஒரே விஷயம் மேகம். ஆயிரக்கணக்கான கி.மீ. பயணம், வருடக்கணக்கில் சேமித்த பணம், எல்லாம் ஒரு மேகத் துண்டின் கையில் இருக்கும்.

இதை 1922 மாதிரி தெளிவாகக் காட்டுகிற கதை வேறு இல்லை. ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கைப்படி, சூரியனை உரசி வரும் விண்மீன் ஒளி 1.75 விகலை வளையணும். ஒரு ரூபாய் நாணயத்தை இரண்டரை கி.மீ. தள்ளி வைத்துப் பார்த்தால் அது நம் கண்ணில் எடுத்துக்கொள்ளும் கோணம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். சூரியன் பக்கத்தில் விண்மீன் தெரியணும் என்றால் முழு கிரகணம் வேண்டும். 1919-ல் எடிங்டன் குழு அளந்து ஐன்ஸ்டைனை உலகப் புகழ் ஆக்கியது நமக்குத் தெரியும். ஆனால் அப்போது கிடைத்த விண்மீன்கள் கொஞ்சம்தான், எடிங்டன் நின்ற பிரின்சிப்பி தீவில் மேகம் வேறு. சந்தேகப்பட்டவர்கள் சந்தேகப்பட்டுக்கொண்டேதான் இருந்தார்கள்.

அடுத்த நல்ல வாய்ப்பு 1922 செப்டம்பர் 21. நிழல் பாதையில் இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவும் இருந்தது, மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கடற்கரையில் வாலல் என்ற இடமும் இருந்தது. பிரிட்டிஷ் குழு ஒன்றும் ஜெர்மன் குழு ஒன்றும் தீவுக்குப் போயின. அமெரிக்காவின் லிக் வானாய்வகத்தைச் சேர்ந்த காம்ப்பெல் வாலலைத் தேர்ந்தெடுத்தார். அவர் சூடு பட்ட பூனை. 1914-ல் ரஷ்யா வரைக்கும் போய் மேகத்தால் வெறுங்கையோடு திரும்பியவர். அதே நேரம் முதல் உலகப்போர் வெடித்ததால் கருவிகளையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.

வாலலில் இருந்தது ஒரு ஆட்டுப் பண்ணையும் ஒரு தந்தி நிலையமும்தான். துறைமுகம் கிடையாது. நீராவிக் கப்பலில் புரூம் வரைக்கும் வந்து, அங்கிருந்து பாய்மரக் கப்பலில் ஏறி, அலைக்கு நடுவே சின்னப் படகுகளில் பெட்டி பெட்டியாக இறக்கி, கழுதை பூட்டிய வண்டிகளில் ஏற்றி முகாமுக்குக் கொண்டுபோனார்கள். அதில் ஒரு கேமராவின் நீளம் மட்டும் 12 மீட்டர். ஆஸ்திரேலியக் கடற்படையும் அந்த மண்ணின் பூர்வகுடி மக்களும் தோள் கொடுக்காவிட்டால் ஒன்றும் நடந்திருக்காது. ஒப்பிட்டுப் பார்க்க, சூரியன் இல்லாத ராத்திரியில் அதே விண்மீன்களின் படம் வேண்டும். அதற்காக காம்ப்பெல்லின் சகா ட்ரம்ப்ளர் பல மாதம் முன்னாடியே தாஹிதி தீவுக்குப் போய் படம் எடுத்துவிட்டு வந்தார்.

கிறிஸ்துமஸ் தீவில் மேகம் மூடிக்கொண்டது. வாலலில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது, முழுமறைவு ஐந்து நிமிடத்துக்கும் மேல். காம்ப்பெல்லுக்கும் ட்ரம்ப்ளருக்கும் முதலில் கிடைத்த விடை 1.72 விகலை. கொள்கை சொன்னது 1.75.

வாலலில் நம்ம கொடைக்கானலும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநர் ஜான் எவர்ஷெட் (சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை 1909-ல் அங்கேதான் கண்டுபிடித்தார்) இந்தியாவில் இருந்து ஒரு குழுவோடு அங்கே போயிருந்தார். அதே மணல், அதே தெளிவான வானம். ஆனால் கருவிக் கோளாறால் ஒளி வளைவை அளக்கிற தரத்தில் அவருக்குப் படம் அமையவில்லை. பாலைவனம் மேகத்துக்குத்தான் மருந்து. மெக்கானிசம் மக்கர் பண்ணினால் அதற்கு அது பொறுப்பு இல்லை. லேப் எக்ஸாமில் கடைசி நிமிடத்தில் ஆஸிலோஸ்கோப் காலை வாரினவர்களுக்கு அந்த வலி புரியும்.

அதனால் 2002-ல் 33 விநாடியை விட்டுவிட்டு உள்நாட்டுக்குப் போனவர்களின் கணக்கு இப்போது புரியும். கடலோரத்தில் நேரம் அதிகம், மேக அபாயமும் அதிகம். உள்ளே நேரம் குறைவு, வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். கடைசியில் செடூனாவிலும் மேகத்துக்கு இடையே பலருக்குக் காட்சி கிடைத்தது, ஆனால் அதுவரைக்கும் அவர்களுக்கு உயிர் போய் உயிர் வந்திருக்கும். 2012 நவம்பரில் வட குவீன்ஸ்லாந்தின் கெய்ன்ஸிலும் இதே கதை. கடற்கரையில் நின்றவர்கள் மேகத்தோடு மல்லுக்கட்டினார்கள், மலையைத் தாண்டி உள்ளே போனவர்களுக்கு வானம் தெளிவாக இருந்தது.

இன்னொரு கணக்கும் இங்கே உதவும். நிழலின் நடுக்கோட்டில்தான் நிற்கணும் என்று பிடிவாதம் தேவையில்லை. நிழலை ஒரு வட்டம் என்று வைத்துக்கொண்டால், நாம் நிற்கிற இடத்தை அது கடக்கிற நேரம் அந்த வட்டத்தில் ஒரு நாணின் நீளம். நடுக்கோட்டுக்கும் விளிம்புக்கும் பாதி வழியில் நின்றாலும் √(1 − 0.25), அதாவது 87 சதவீத நேரம் கிடைக்கும். நடுக்கோட்டுக்காக மோசமான மண் ரோட்டில் கூடுதலாக ஐம்பது கி.மீ. போவதைவிட, மேகம் குறைவான இடத்தைத் தேடுவதுதான் புத்திசாலித்தனம்.

ரோடு

'அவுட்பேக்' என்று ஆஸ்திரேலியர்கள் சொல்கிற உள்நாட்டு வறண்ட நிலத்தில் ஓட்டுவது நம்ம ஹைவேயில் ஓட்டுவது மாதிரி இல்லை. இங்கே இருபது நிமிடத்துக்கு ஒரு டீக்கடை. அங்கே அடுத்த பெட்ரோல் பங்க் இருநூறு கி.மீ. தள்ளி இருக்கலாம், அதுவும் ராத்திரி மூடியிருக்கலாம். பாதி டேங்க் இருக்கும்போதே நிரப்புவது அங்கே பழக்கம். போன் சிக்னல் ஊரைத் தாண்டினால் போய்விடும். அதனால் மேப்பை டவுன்லோடு பண்ணி வைக்கணும். தூரமாகப் போகிறவர்கள் சாட்டிலைட் போனோ அவசர சிக்னல் அனுப்பும் கருவியோ எடுத்துப்போவார்கள்.

சாயங்காலமும் விடியற்காலையும் கங்காரு ரோட்டுக்கு வரும். வேலி இல்லாத பண்ணைகளில் மாடும் வரும். பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் ஊருக்கு வெளியே ராத்திரி ஓட்டினால் இன்சூரன்ஸ் செல்லாது என்றே போட்டிருக்கும். அப்புறம் 'ரோடு ட்ரெய்ன்': மூணு நாலு ட்ரெய்லர் கோத்த லாரி, நீளம் 53.5 மீட்டர் வரைக்கும். அதை ஓவர்டேக் செய்ய ஒரு கி.மீ.க்கு மேல் எதிர்ப்பக்கம் காலியாக இருக்கணும். எதிரே மண் ரோட்டில் வந்தால் ஓரம் கட்டி நின்றுவிடுவதே மேல், தூசி அடங்க நேரம் பிடிக்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. வண்டி நின்றுவிட்டால் வண்டியை விட்டு நடக்கக் கூடாது. மேலே இருந்து தேடுகிறவர்களுக்குக் கார் தெரியும், மனுஷன் தெரியமாட்டான். காரில் நிழல் இருக்கு, தண்ணீர் இருக்கு. பாலைவனத்தில் உயிர் போனவர்களில் பலர் உதவி தேடி நடக்கப் போனவர்கள்.

சுவாரஸ்யமான ஒரு முரண்: நிழல் பாதை பல நூறு கி.மீ. நீளம் பாலைவனத்தில் ஓடினாலும், தார் ரோடு அதை வெட்டுகிற இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. மேகம் வந்தால் ஓடி இடம் மாறுவது தான் கிரகணக்காரர்களின் கடைசி ஆயுதம், அந்த ஆயுதம் இங்கே பாதிதான் வேலை செய்யும். அதனால் எங்கே நிற்பது என்பதை முந்தின நாளே, சிக்னல் இருக்கிற கடைசி ஊரில் சாட்டிலைட் படத்தைப் பார்த்து முடிவு பண்ணியாகணும்.

அங்கே போய்ச் சேர்ந்தால் கிடைப்பது வேறு எங்கேயும் கிடைக்காத ஒன்று: தடையே இல்லாத அடிவானம். ஊருக்குள் கட்டடத்துக்கு நடுவே நின்றால் சூரியனை மட்டும் பார்ப்போம். சமவெளியில் நின்றால் நிழலே வருவது தெரியும், புயல் மேகம் மாதிரி ஒரு பக்கம் கருத்துக்கொண்டே வரும். சூடு குறையும், காற்று மாறும். முழுமறைவில் நாலு திசையிலும் அடிவானம் ஆரஞ்சு நிறமாக இருக்கும். நிழலுக்கு வெளியே இன்னும் பகல் இருப்பதால், 360 டிகிரிக்கும் அந்தி. கிரகணக் கண்ணாடியைக் கழற்றுவது அந்த முழுமறைவு நேரத்தில் மட்டும்தான். ஒரு துளி ஒளி எட்டிப் பார்த்ததும் திரும்பப் போட்டுவிடணும். எக்ஸ்ரே பிலிம், கூலிங் கிளாஸ் எதுவும் ஆகாது.

இந்த நிலத்தில் வாழ்ந்தவர்கள் இதை நமக்கு ரொம்ப முன்னாடியே கவனித்திருக்கிறார்கள். மத்திய ஆஸ்திரேலியாவின் வார்ல்பிரி மக்களின் மரபில் சூரியன் பெண், நிலா ஆண். இருவரும் கூடும்போது அவன் அவளை மறைப்பதுதான் கிரகணம். கதை எப்படியோ, சூரியனை மறைப்பது நிலாதான் என்பதைச் சரியாகப் பிடித்துவிட்டார்கள்.

அடுத்த வாய்ப்பு 2028 ஜூலை 22. நிழல் வடமேற்கில் கிம்பர்லி வழியாக நுழைந்து, விண்டம், குனுனுரா, டெனன்ட் கிரீக், பேர்ட்ஸ்வில், பர்க், டப்போ தாண்டி, சுமார் ஒரு மணி நேரத்தில் சிட்னி நகரத்தின் மேலேயே போகும். கிம்பர்லியில் காலை 11 மணியை ஒட்டி, அதிகபட்சம் 5 நிமிடம் 10 விநாடி. சிட்னியில் மதியம் 2 மணிக்கு, மூணரை நிமிடத்துக்கு மேல். சிட்னி என்றால் ரயிலில் போய் ஹார்பரில் நின்று பார்த்துவிடலாம், செலவும் குறைவு. ஆனால் ஜூலை மாதம் கிம்பர்லியில் வறண்ட காலம், மேகம் அபூர்வம். என்னைக் கேட்டால் குனுனுராதான். கேத்ரினில் இருந்து 512 கி.மீ., முழுக்கத் தார் ரோடு. மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் சோதனைச் சாவடி உண்டு, பழமும் தேனும் உள்ளே விடமாட்டார்கள், அதற்கு முன்னாடியே சாப்பிட்டு முடித்துவிடுங்க. தண்ணீரைப் பார்த்ததும் குளிக்க இறங்காதீங்க, அந்தப் பக்கம் முதலை உண்டு.

அன்றைக்கு சனிக்கிழமை வேறு. அப்போது வேலையில் இருப்பவர்கள் மேனேஜரிடம் அந்த ஒரு நாளுக்கு லீவு கேட்கத் தேவையில்லை, முன்னும் பின்னும் ஒரு வாரம் கேட்டால் போதும். கிரகணம் முடிந்ததும் கிளம்பாமல் அன்று ராத்திரியும் அங்கேயே தங்குகிற மாதிரி கேளுங்க. வந்தவர்கள் எல்லாரும் ஒரே ரோட்டில் ஒரே நேரத்தில் திரும்புவார்கள், இருட்டினால் மாடும் கங்காருவும் அதே ரோட்டுக்கு வரும்.