உறுத்தாத கண்புண்

அறுவடைக் காலத்தில் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் களத்துமேடுகளில் யாருக்காவது கண் சிவந்தால், நெல் தூசு விழுந்திருக்கும் என்றுதான் சொல்வார்கள். அதற்குக் காரணமும் உண்டு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994-இல் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறையச் சரிபாதியாக இருந்தன. பெரும்பாலோருக்கு முதலில் கண்ணில் அடிபட்டிருந்தது. ஆனால், பார்த்தவுடன் வைரஸ் என்று தெரிந்த புண்கள் அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை.

தூசு விழாமலேயே கண்ணைப் புண்ணாக்கும் அந்த வைரஸ்களில் முக்கியமானது ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ். காய்ச்சலுக்குப் பிறகு உதட்டோரம் கொப்புளம் போடுவதும் இதுதான். பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றி, முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பின் முடிச்சில் ஆண்டுக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். விழித்துக்கொண்டால் அதே நரம்பின் வழியே கருவிழிக்கு வந்துவிடும்.

ஃப்ளோரசின் சாயம் விட்டு நீல ஒளியில் பார்த்தால், இலையுதிர்ந்த மரக்கிளை போலப் பச்சையாக ஒளிரும் புண் தெரியும். இது பாடப்புத்தக அடையாளம். எல்லாக் கண்ணிலும் இப்படித் தெரிவதில்லை என்பதில்தான் சிக்கல். சிலருக்குப் புண் கருவிழியின் ஓரத்தில் வரும். அதை ஒவ்வாமைப் புண் என்று எடுத்துக்கொள்ள வாய்ப்புண்டு. சிலருக்கு வெண்படலத்தில் மட்டும் வந்து 'மெட்ராஸ் ஐ' போலவே தோன்றும். இன்னும் சிலருக்கு மேற்பரப்பு பளிச்சென்றிருக்க, நடுவில் வட்டமாக நீர்கோத்து வீங்கி, கண்ணின் அழுத்தமும் ஏறியிருக்கும். அக்கி வைரஸும் அகந்தமீபா என்ற ஒற்றைச்செல் உயிரியும் கிளைக்கோலத்தைப் போலி செய்வது வேறு.

இவற்றுக்கிடையே பெரிதும் கைகொடுக்கும் தடயம், உணர்ச்சி குறைவது. பஞ்சுநுனியால் கருவிழியை மெல்லத் தொட்டால் கண் சிமிட்ட வேண்டும்; ஹெர்பீஸ் பலமுறை வந்துபோன கண் சிமிட்டாமல் இருக்கலாம். மரத்துப்போக வைக்கும் சொட்டு விடுவதற்கு முன்பே இதைச் சோதித்தாக வேண்டும். புண் பெரிதாக இருந்தும் வலி இல்லையே என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறவரை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது.

அதைவிடக் கவலை, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு. சிவப்பு இரண்டே நாளில் வடியும். மேற்பரப்பில் இருக்கும் வைரஸோ தடையின்றிப் பெருகி, மெல்லிய கிளைப்புண்ணை அகலமான புண்ணாக்கிவிடும். ஆழமான வீக்கத்துக்கு ஸ்டீராய்டு தேவைப்படுவதுண்டு, ஆனால் வைரஸ் மருந்தின் துணையோடு, மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்.

அந்த வைரஸ் மருந்தான ஏசைக்ளோவிர் இன்று எளிதில் கிடைக்கும் மாத்திரை. 1998-இல் அமெரிக்காவில் 703 பேரிடம் நடந்த ஆய்வு வெளியானது. 12 மாதம் தினமும் இருவேளை 400 மில்லிகிராம் எடுத்தவர்களில் 19 சதவீதத்தினருக்கும், எடுக்காதவர்களில் 32 சதவீதத்தினருக்கும் நோய் திரும்பியது. நோய் திரும்பக்கூடியது, மாத்திரை அதைக் குறைக்கவும் கூடியது. ஆகவே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ புதுச்சேரிக்கோ போகிறவர், முன்பு இதே கண்ணில் புண் வந்ததையும் இதுவரை விட்ட சொட்டு மருந்தின் பெயரையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். காலிப் புட்டியைக் கையில் எடுத்துப்போனால் இன்னும் நல்லது.