பாலாற்றில் இருக்கிறது சான்று

ஆங்கிலத்தின் 'கேஷ்' நம் காசிலிருந்து வந்ததுதானே என்று வாசகர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். பாதிதான் உண்மை. கீழை நாடுகளில் புழங்கிய சிறு செப்புக் காசை ஐரோப்பியர் 'கேஷ்' என்றது போர்த்துகீசியர் வழியாகப் போன தமிழ்ச் சொல்லால். ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' வேறு. பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களின் வழி வந்த அதற்கு மூலம் லத்தீன். ஓசை ஒத்துப்போவதால் மட்டும் உறவு நிலைநாட்டப்படுவதில்லை. எந்தப் பொருளோடு, யார் வழியாக ஒரு சொல் போனது, எங்கே பதிவானது என்று காட்ட வேண்டும்.

இந்தச் சோதனையில் ஐயமறத் தேறும் சொல் ஒன்று காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் வரும் வழியிலேயே இருக்கிறது. வாலாஜாவுக்கு அருகே பாலாற்றின் குறுக்கே நின்று ஏரிக் கால்வாய்க்கு நீரைத் திருப்பும் கட்டுமானத்தின் பெயர் அரசு ஆவணங்களில் 'பாலாறு அனிகட்'. அது நம் அணைக்கட்டேதான்; யூலும் பர்னலும் 1886இல் வெளியிட்ட 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியே தமிழ் மூலத்தைச் சொல்லிவிடுகிறது. 'டேம்', 'வியர்' என்று சொந்தச் சொற்கள் இருக்க ஆங்கிலேயர் ஏன் கடன் வாங்கினார்கள் என்று கேட்கலாம். வித்தையையே இங்கிருந்து வாங்கியதால்தான் என்பது என் முடிவு. முக்கொம்பில் 1836இல் மேலணையைத் தொடங்கிய ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன், ஆழம் காணாத மணலில் அடித்தளம் நிறுத்தும் முறையைக் கல்லணை கட்டியவர்களிடமிருந்தே கற்றதாக எழுதியிருக்கிறார். பிறகு 1847இல் கோதாவரியின் தவளேஸ்வரத்தில் தொடங்கிய பணிக்கும் 'அனிகட்' என்ற பெயரே போயிற்று. இதில் என்னை மிகவும் ஈர்ப்பது சொல்லின் அடுத்த பயணம். ராஜஸ்தானில் ஓடைகளின் குறுக்கே கட்டும் சிறு தடுப்பணைகளுக்கு இன்று 'அனிகட்' என்றே பெயர். தமிழ்ச் சொல் ஆங்கிலப் பொறியியல் வழியாக இந்தி பேசும் பாலைநிலத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆட்சிக்கு வந்தவர்கள் எடுத்துக்கொண்ட சொல்லில் நமக்கென்ன பெருமை என்பவர்கள் உண்டு. சொல் மட்டும் போயிருந்தால் அது நியாயமான கேள்வி, போனது அறிவு. அந்த அறிவு விளைந்த மண்ணின் பாலாற்றைத்தான் நாம் மணலள்ளிப் பள்ளமாக்கினோம், தோல் தொழிற்சாலைக் கழிவை விட்டுக் கெடுத்தோம். மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இந்தப் பாலாற்று வழக்கில்தான். அகராதியில் தமிழ்ச் சொற்களை எண்ணி மகிழ்பவர்கள், கோடை முடிவதற்குள் தங்கள் ஊர் வரத்துக்கால்வாயைத் தூர்வாரச் சொல்லி ஒரு மனுவாவது எழுதுங்கள்.