கரடியும் இரண்டு நண்பர்களும்



கோடை விடுமுறை வந்தால் நம் பக்கத்துச் சபைகளிலிருந்து வாலிபர்களும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் வேன் பிடித்துக் கோத்தகிரி, குன்னூர் என்று முகாமுக்குப் புறப்படுவார்கள். புறப்படுமுன் முதலுதவியைப்பற்றிப் பேச ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவரை அழைப்பதுண்டு. அப்படி ஒரு தடவை பேசி முடித்தபோது ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, கரடி வந்தால் செத்தவன்போலப் படுத்துக்கொண்டால் போதுமா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவன் கேட்டது நல்ல கேள்வி.

இரண்டு நண்பர்கள் காட்டுவழியே போன கதையை நாமெல்லாரும் பள்ளியில் படித்திருக்கிறோம். கரடியைக் கண்டதும் ஒருவன் மரத்தில் ஏறிக்கொண்டான். மற்றவன் மூச்சை அடக்கித் தரையில் படுத்துக்கொண்டான். கரடி அவன் காதருகே முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. இது கிரேக்க நாட்டு ஈசாப்பின் பெயரால் வழங்கும் கதை. நம் மலைகளில் இருப்பதோ வேறு கரடி. தேனடைக்காக மரமேறுகிற கரடி அது. மரத்தில் ஏறியவன் தப்பினான் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

உத்திரமேரூர்ப் பக்கம் ஏரியும் வயலும் பனையும்தான், காட்டுக்கரடி இல்லை. இங்கே பெரியவர்கள் பலர் கண்டதெல்லாம் மூக்கில் கயிறு கோத்து வித்தை காட்டிய கரடியும், அதன் முடியை வைத்துக் கட்டிய தாயத்தும்தான். அந்தக் கொடுமை 2009-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் ஏறக்குறைய முடிவுக்கு வந்தது. ஆகவே கரடி என்றால் ஆடுகிற, சாதுவான பிராணி என்று நம் பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. மலைக்குப் போகிறவர்களுக்கு இந்த நினைப்பு ஆபத்தானது.

தேன்கரடிக்குக் கறுத்த சடைமுடி, மார்பில் வெளிறிய வளைகோடு, வளைந்த நீண்ட நகங்கள். மேல்வரிசை முன்பற்களில் நடு இரண்டு கிடையாது. அந்த இடைவெளி வழியாகத்தான் புற்றுக்குள் வாயை வைத்துக் கறையானை உறிஞ்சுகிறது. நாவல், இலந்தை, ஈச்சம்பழம், பலா எல்லாம் அதற்கு உணவு. மனிதனைத் தின்ன அது வருவதில்லை. அப்படியானால் ஏன் தாக்குகிறது?

அதற்கு மோப்பம் கூர்மை. கண்ணும் காதும் அவ்வளவு கூர்மையல்ல. புற்றை உறிஞ்சும்போது அதுவே பெரிய சத்தம் போடும். நாம் பத்தடி தூரத்தில் வந்து நிற்கும்வரை அதற்குத் தெரியாமலே போகலாம். திடீரென்று தெரிந்ததும் வெருண்டு பாய்கிறது. புலியும் சிறுத்தையும் வாழும் காட்டில் வளர்ந்த பிராணி அது. ஓடி ஒளிவதைவிட எதிர்த்து நிற்பதே அதற்குப் பழக்கம். தாய்க்கரடி குட்டிகளை முதுகில் சுமந்துகொண்டு திரியும். அந்தச் சமயத்தில் அதன் சீற்றத்தைச் சொல்லவே வேண்டாம். குட்டியைப் பறிகொடுத்த கரடியை நீதிமொழிகள் 17-ஆம் அதிகாரம் உவமையாகச் சொல்வது நீங்கள் அறிந்ததே. அது வேறு தேசத்துக் கரடி, ஆனாலும் தாய் தாய்தான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பிள்ளைகளை வைத்திருக்கும் அன்பர்கள், "கறுப்புக் கரடி வந்தால் கையை உயர்த்திக் கத்து, தாக்கினால் திருப்பி அடி" என்று அங்கே சொல்லிக்கொடுப்பதைக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கரடி பெரும்பாலும் பயந்து மரமேறி ஒதுங்கும் இனம். அதற்கு அது சரி. அதே பாடத்தை இங்கே கொண்டுவரக் கூடாது.

நீலகிரியில் காடு எது, ஊர் எது என்று பிரித்துச் சொல்வது கடினம். சோலை, அதை ஒட்டித் தேயிலைத் தோட்டம், அதை ஒட்டி வீடுகள். இடுப்பளவு தேயிலைச் செடிக்குள் கரடி இருந்தால் வெளியே தெரியாது. இரவில் கடைகளையும் வீடுகளையும் உடைத்து எண்ணெய், சர்க்கரை, வெல்லம் எடுத்துத் தின்பதுண்டு. கோவிலுக்குள் போய் விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் குடித்த சம்பவங்களும் உண்டு. பூஜை வேளையில் கரடி என்ற பழமொழியில் வருவது விலங்கல்ல, ஒருவகை வாத்தியம் என்று சிலர் சொல்வார்கள். கோத்தகிரிக்காரர்கள் ஒப்புக்கொள்வார்களா தெரியாது!

ஆகவே முகாமுக்குப் போகிறவர்கள் செய்யவேண்டியது, தாங்கள் வருவதைக் கரடி முன்கூட்டியே அறியச் செய்வதுதான். தனியே போகாமல் நாலைந்து பேராய்ப் பேசிக்கொண்டு நடங்கள். கோலில் ஒரு சலங்கை கட்டிக்கொள்வது நல்லது. அந்தி சாய்ந்தபின்னும் விடியுமுன்னும் தோட்டத்துப் பாதையில் நடக்க வேண்டாம். கழிப்பறை வெளியே இருந்தால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். மீந்த சோறு, பழத்தோல், எண்ணெய் டின் எதையும் விடுதிக்குப் பின்னால் கொட்டக் கூடாது. சமையலுக்கு வரும் நம் சகோதரிகளிடம் இதைச் சொல்லியே ஆகவேண்டும். மற்றெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.

தூரத்தில் கண்டால் நில்லுங்கள். கல்லெறியாமல், ஓடாமல், முகத்தை அதன் பக்கமே வைத்துக்கொண்டு மெள்ளப் பின்வாங்கி அதற்கு வழி விடுங்கள். பாய்ந்து வந்து விழுந்துவிட்டால், அந்தக் கதையில் வந்த இரண்டாவது நண்பன் பாதி சரி. படுக்கத்தான் வேண்டும், ஆனால் குப்புற. முகத்தைத் தரையில் புதைத்து, இரு கைகளையும் பிடரியின்மேல் கோத்துக்கொண்டு, அது விலகிப்போகும்வரை அசையாதிருக்க வேண்டும். கரடி தாக்குவது பெரும்பாலும் தலையையும் முகத்தையும். ஒரே அடியில் கண்ணும் மூக்கும் போய்விடக்கூடும்.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் சிவசைலம் அருகே இருசக்கர வாகனத்தில் சென்ற ஒருவரைக் கரடி தாக்கியது. காப்பாற்றப் போன இருவரையும் அது விடவில்லை. மூவருக்கும் முகத்தில் கொடுங்காயம். மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டில் விடப்பட்ட கரடியும் இறந்துபோயிற்று. கூட்டம் கூடிக் கத்துவதும் கல்லெறிவதும் யாருக்கும் உதவாது என்பதற்கு அதுவே போதும்.

காயப்பட்டவரை மல்லாக்கப் படுக்கவைக்காதீர்கள்; வாயில் நிறையும் இரத்தம் மூச்சை அடைத்துவிடும். ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்துங்கள். சுத்தமான துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். ஆனால் கண்ணை அழுத்தக் கூடாது. மேலாக மூடினால் போதும். தலைத்தோல் உரிந்து தொங்கினால் வெட்டி எறியாமல் பழைய இடத்திலேயே படியவைத்துக் கட்டுங்கள்; டாக்டருக்கு அது தேவைப்படும். மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்ய நேரிடும் என்பதால் சோடாவோ தண்ணீரோ புகட்ட வேண்டாம். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஆஸ்பத்திரியில் டெட்டனஸ் ஊசியோடு வெறிநோய்த் தடுப்பூசியும் போடுவார்கள். "கரடிக்கு எதற்கு நாய்க்கடி ஊசி?" என்று உறவினர் கேட்பதுண்டு. பாலூட்டும் பிராணி எதற்கும் அந்த நோய் வரலாம். அது முற்றிய பிறகு பிழைப்பது மிக மிக அரிது. காயத்தை நன்றாகக் கழுவி, இம்யூனோகுளோபுலின் மருந்தைக் காயத்துக்குள்ளேயே செலுத்திய பிறகுதான் தையல். தாமதிக்கிறார்களே என்று டாக்டரிடம் கோபப்பட வேண்டாம்.

அந்தச் சிறுவனிடம் இவ்வளவையும் சொன்னபோது அவன் அம்மா, "எங்க தெருவில கரடி ஏதுங்க ஐயா, நாய்தான்" என்றார்கள். உண்மைதான். நாய் கடித்தாலும் இதே மருந்துதான். உடனே குழாயடியில் காயத்தைக் காட்டி, சோப்புப் போட்டு முழுசாக 15 நிமிஷம் கழுவுங்கள். பிறகு ஊசிக்கு வாருங்கள். வலி போய்விட்டது என்று இரண்டோடு நிறுத்திவிடாமல் எல்லாத் தவணைக்கும் வாருங்கள்.