ஆடும் கால்களுக்கு எரிபொருள்

ஜவ்வாது மலை என்றதும் அறிவியல் மாணவர்களுக்குக் காவலூர் வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கி நினைவுக்கு வரும். அம்மலையில் வாழும் மலையாளி பழங்குடி மக்களைக் கேட்டால் சாமைக் கொல்லையைச் சொல்வார்கள். உழைக்கும் கால்களுக்கு வலுவூட்டிய தானியம் அது. ஆடும் கால்களுக்கும் அதே வலு வேண்டும். கும்மியோ, கரகமோ, பரதமோ, எந்த ஆட்டமாயினும் உடலுக்குள் நடப்பது ஒன்றுதான். அதைக் காண்போம்.

தசை ஏன் எரிகிறது?

பரதத்தில் அரைமண்டி என்னும் நிலை உண்டு. முழங்கால்களை மடக்கி அப்படியே நின்று பாருங்கள். சிறிது நேரத்தில் தொடை எரியத் தொடங்கும். தொடையின் முன்பக்கத் தசை நீளம் மாறாமலேயே இறுகி நின்று உடலைத் தாங்குகிறது. இறுகிய தசை தனக்குள் இருக்கும் ரத்தக் குழாய்களை நெருக்குகிறது. ஆக்சிஜன் வரத்து குறைகிறது. அப்போது தசை, தன்னிடம் சேமித்துள்ள கிளைகோஜன் என்னும் மாவுப் பொருளை ஆக்சிஜன் இன்றியே சிதைத்து ஆற்றல் பெறுகிறது. இதில் உண்டாகும் கழிவுப் பொருள்கள் தேங்குவதால்தான் எரிச்சல். நாள்தோறும் சிறிது சிறிதாகப் பழகினால் தசை வலுப்பெறும்.

குதித்து இறங்கும் கணக்கு

20 செ.மீ. உயரம் குதித்த ஒருவர், முழங்காலை விறைப்பாக வைத்து 2 செ.மீ. தூரத்துக்குள் நின்றுவிட்டால், கால்கள் தாங்கும் சராசரி விசை உடல் எடையைப்போல் 11 மடங்கு! முழங்காலை மடக்கி 20 செ.மீ. தாழ்ந்து நின்றால் 2 மடங்கு மட்டுமே. மண் தரை சற்றே அமுங்கி விசையைக் குறைக்கும். சிமெண்டுத் தரை அவ்வாறு செய்யாது.

என்ன உண்பது?

கிளைகோஜன் சேமிப்புக்கு மாவுப் பொருள் வேண்டும். 100 கிராம் சாமையில் அது ஏறத்தாழ 65 கிராம் உள்ளது. அதிகம் தீட்டாத சாமையில் நார்ச்சத்தும் மிகுதி. ஆனால் சுண்ணாம்புச் சத்து அதில் 20 மில்லிகிராமுக்கும் குறைவு. கேழ்வரகிலோ சுமார் 350 மில்லிகிராம். எனவே இரண்டும் வேண்டும். தசையைப் பழுதுபார்க்கும் புரதத்துக்குக் கொள்ளு, நிலக்கடலை, முட்டை நல்லவை.

13 முதல் 15 வயதுள்ள பெண்களுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம் இரும்புச் சத்து தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. அது குறைந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறையும். ஆடுபவர் விரைவில் களைப்பார். கீரை, பயறுகளுடன் நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்த்தால் இரும்பு நன்கு உட்கவரப்படும். உணவோடு தேநீர் குடித்தால் அது தடைப்படும்.

பட்டினி அழகு தராது

மேடையில் மெலிந்து தோன்ற வேண்டும் என்று சில மாணவியர் உணவைத் தவிர்க்கின்றனர். இது ஆபத்து. செலவிடும் ஆற்றலுக்கு ஈடாக உண்ணாவிட்டால் உடல் பிற பணிகளைக் குறைத்துக்கொள்ளும், மாதவிடாய் நிற்கலாம், எலும்பில் நுண்ணிய முறிவுகள் தோன்றலாம். 2014இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இக்குறைபாட்டைப் பற்றி எச்சரித்தது. எலும்பின் திண்மையில் பெரும்பகுதி 20 வயதுக்குள் சேர்ந்துவிடுகிறது. இப்போது இழப்பதைப் பின்னர் ஈடுகட்டுவது கடினம்.

மாணவர்களே! ஆடி முடித்ததும் நாடித் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 3 நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். சில வாரப் பயிற்சிக்குப் பின் நாடி முன்னைவிட விரைவாக இறங்குகிறதா என்று குறித்து வாருங்கள். உங்கள் இதயமே விடை சொல்லும்.