ஒரு பிள்ளை, மூன்று கோப்புகள்

பொன்னமராவதிப் பக்கம் அண்ணப்பிளவோடு பிறந்த குழந்தைக்கு இதயத்தில் ஓட்டையும் இருந்து, இடையில் வலிப்பும் வந்தால், பெற்றோர் மூன்று டாக்டர்களிடம் அலைய வேண்டியதுதான். எக்கோ அறிக்கை ஒரு கோப்பில், 'கால்சியம் குறைவு' என்ற லேப் சீட்டு இன்னொன்றில். சேர்த்துப் பார்த்தால்தான் 22ஆம் குரோமோசோமில் ஒரு துணுக்கு விடுபடும் டிஜார்ஜ் குறைபாடோ என்ற சந்தேகமே எழும். ஆகவே முதல் தேவை பெரிய ஊர் அல்ல, எல்லாத் தாளையும் ஒருவரே பார்ப்பது. 2013இல் தொடங்கிய, குழந்தைகளின் குறைபாடுகளைக் கண்டறியும் அரசின் ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் மாவட்ட மையங்கள் இதற்காகவே ஏற்பட்டவை. அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவே அங்கு அனுப்பிவைக்கும்.

"பேரு தெரிஞ்சு என்ன, மருந்தா இருக்கு?" என்று பெரியவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு, விடுபட்ட துணுக்கை ஒட்டவைக்க முடியாதுதான். ஆனால் கால்சியக் குறைவால் வரும் வலிப்பை அடக்கலாம். அடுத்த பிள்ளைக்கும் வருமா என்பதற்கும் பெயர்தான் பதில் சொல்லும். டிஜார்ஜ் பெரும்பாலும் புதிதாக நேர்வது. பெற்றோருக்கு இல்லையென்றால் திரும்ப வரும் வாய்ப்பு மிகக் குறைவு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் மட்டுமே தோன்றும், சொந்தத்தில் மணந்தவர்களின் பிள்ளைகளிடம் கூடுதலாகக் காணப்படும் ஒடுங்குமரபு நோயென்றால், ஒவ்வொரு கருவுக்கும் 25 சதவீதம். (கிரகணத்தில் வெளியே போனாள் என்று மருமகளை ஏசுவதும் இத்தோடு நிற்கலாம்.) செலவு? டிஜார்ஜுக்கு, அந்தத் துணுக்கு இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ஃபிஷ் சோதனையே பெரும்பாலும் போதும். மரபணுக்களின் புரதக் குறியீட்டுப் பகுதிகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் சோதனை விலை கூடியது, பலருக்கு விடையும் தருவதில்லை. ஆனாலும் அதே தரவைச் சில ஆண்டு கழித்து மறுபடி அலசும்போது சிலருக்குப் பெயர் கிடைக்கிறது. அறிக்கையைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது.